மேடைய திருப்புன செண்பகவல்லி

சத்தியமா சொல்றேன், இதுல ஒரு வார்த்தை பொய்யின்னா என் நாக்குக்கு இனிமே பிரியாணி ருசியே தெரியாம போகட்டும்!

கோவில்பட்டிப் பக்கம் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குத் தொழில் சொல்லிக்குடுக்கிற பள்ளிக்கூடம் ஒண்ணு. அங்க மைக்செட் வேலை படிச்சவ செண்பகவல்லி, சக்கர நாற்காலியில போற பொண்ணு. சான்றிதழ் கைக்கு வந்தாத்தான் திங்கக்கிழமை ஒரு மைக்செட் கடையில வேலைக்குச் சேர முடியும்.

பள்ளிக்கூட விழாவுல அதக் குடுக்க வந்தவரு மில் முதலாளி தாளமுத்து. கழுத்து மறைய மாலை. மேடைக்கோ படிக்கட்டு மட்டும்தான்.

"ஐயா, கொஞ்சம் கீழ வந்து குடுங்க"ன்னா செண்பகவல்லி.

"நான் எறங்குறதா? மேடைக்கு வந்தாத்தான் சான்றிதழ். நாலு பேரு அவளத் தூக்கிட்டு வாங்கப்பா!"

"தூக்கிட்டு வர நான் என்ன சாமி சப்பரமாய்யா?"

"அப்ப வீட்டுக்குப் போ!"

அன்னைக்கு மைக்செட் போட்டதே அவதான். கூட்டத்துக்குப் பின்னால இருந்தபடியே மைக்கை எடுத்தா. "பெரியோர்களே, எல்லாரும் நாற்காலிய என் பக்கம் திருப்பிப் போடுங்க. மேடை இப்ப இங்க இருக்கு!"

சனம் சிரிச்சுக்கிட்டே திரும்பிருச்சு. போட்டோக்காரரும் கேமராவோட அவகிட்ட ஓடிட்டாரு. முதலாளிக்கு முன்னால அம்புட்டும் முதுகு! மனுசன் தாங்குவாரா? சான்றிதழோட தடதடன்னு எறங்கி ஓடியாந்தாரு.

வாங்கிக்கிட்டு மைக்குல சொன்னா: "ஏற முடியாத எங்களுக்கு வருசம் பூராப் பயிற்சி. எறங்க முடியாத ஐயாவுக்கு இன்னைக்கு ஒரே நாள்ல முடிச்சுட்டோம். கைதட்டுங்க!"

நீங்க கைதட்டுனா மட்டும் பத்தாது. கதை சொன்ன எனக்கு ஆளுக்கு ஒரு உளுந்த வடை வரணும், சட்னியோட!