பத்தடி தூரம்

ராசாவும் மந்திரியும் இருந்த ஊர்க் கதைகள் நிறைய உண்டு. இது ராசாவே இல்லாத ஊர்க் கதை. அந்த ஊரில் இருந்ததெல்லாம் ஒரு மலை, மலைக்குப் போக ஒரு பாதை, பாதை ஏறச் சில பழைய பெட்ரோல் ஜீப்புகள்.

மலையடிவாரத்தில், போடிக்கு மேற்கே, பவுனுத்தாயி ஒரு பட்டறை வைத்திருந்தார். வண்டியின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்வார். ஊரார் அவரை மேஸ்திரி என்றே கூப்பிட்டார்கள்.

அவரிடம் இரண்டு பேர் தொழில் கற்றார்கள். மொக்கராசு எட்டு வருஷமாக. தவமணி இரண்டு வருஷமாக. மொக்கராசு மேஸ்திரியை விட வயதில் பெரியவர். அதனால் மேஸ்திரி அவரை அண்ணே என்பார்.

மொக்கராசுக்குப் பட்டறையின் இந்தக் கோடி. தவமணிக்கு அந்தக் கோடி. நடுவே பத்தடி.

அந்தப் பத்தடிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே மொக்கராசு எல்லாம் பார்ப்பார். டீக்கடைக்காரர் முதல் கிளாஸை யாரிடம் நீட்டுகிறார் என்று பார்ப்பார். வருகிறவர்கள் யார் பேரைச் சொல்லி வருகிறார்கள் என்று பார்ப்பார். இப்போதெல்லாம் அவர் பேரைச் சொல்லி வருவது ஒரே ஒரு வண்டிதான். கருத்தப்பாண்டியின் ஜீப்.

அந்த ஜீப் ஒரு நாள் காலை மறுபடியும் வந்து நின்றது. ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"மூணாவது தடவை, மொக்கராசு," என்றார் கருத்தப்பாண்டி. "சமதரையிலே பூ மாதிரி ஓடுது. மலையிலே ஏத்தினா மிஸ்ஸிங். தட்டுது, திணறுது, நின்னுருது."

"எங்களுக்குக் கூலி ஏலக்கா பறிக்கவா, ஜீப்பு தள்ளவான்னு கேட்டுச் சொல்லுங்கண்ணே," என்றாள் பின்னால் இருந்த ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

கருத்தப்பாண்டி சிரிக்கவில்லை. "மத்தியானம் வர்றேன். இன்னைக்கும் நின்னுச்சுன்னா வண்டியைத் தவமணிகிட்டே விட்டுருவேன். மனசிலே வச்சுக்காதே."

பெண்கள் இறங்கி வேறு ஜீப் பிடிக்கப் போனார்கள்.

மொக்கராசு பானெட்டைத் திறந்தார். பிளக்கை மாற்றினார். பாயிண்ட்டைத் தேய்த்தார். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினார். போன இரண்டு தடவையும் இதையேதான் செய்திருந்தார். ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் ஒழுங்காக ஓடியது. அதுதான் அவருக்கு எரிச்சல்.

"அண்ணே, நான் கொஞ்சம் பார்க்கட்டா?" என்றான் தவமணி, அந்தப் பக்கத்திலிருந்து.

"எதுக்கு? நாளைக்கு உன் கைக்குத்தானே வரப்போகுது. அப்போ ஆசை தீரப் பாரு."

தவமணி தன் வேலைக்குத் திரும்பினான்.

மொக்கராசு ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு மேஸ்திரியிடம் போனார்.

"மேஸ்திரி, ஒண்ணு கேட்கணும்."

"கேளுங்கண்ணே."

"அவனுக்குச் சொல்லிக் கொடுத்த எதையோ எனக்குச் சொல்லாம விட்டிருக்கீங்க. எட்டு வருஷம் ஆச்சு. அது என்ன?"

மேஸ்திரி எழுந்தார். எதிரே இருந்த சலூனுக்குப் போய், தலைக்குத் தண்ணீர் அடிக்கும் பாட்டிலை வாங்கி வந்தார். ஜீப் சக்கரங்களுக்குக் கல் வைத்தார். ஒரு தார்ப்பாயை எடுத்து பானெட்டின் மேல் போட்டார்.

"இதுக்குள்ளே பக்கவாட்டிலே தலையை விடுங்க. ஃபேன் கிட்டே போகாதீங்க. நான் சொல்றப்போ பிளக்குக்குப் போற வயர் மேலே தண்ணியைப் புகையா அடிங்க."

மேஸ்திரி ஏறி உட்கார்ந்தார். பிரேக்கை மிதித்துக்கொண்டு, கியரைப் போட்டு, கிளட்சைக் கொஞ்சம் விட்டார். மலை ஏறுகிற மாதிரி இன்ஜின் முக்கி முனகியது.

"அடிங்க."

தார்ப்பாய்க்குள் இருட்டு. மொக்கராசு தண்ணீரை அடித்தார்.

இன்ஜின் தட்டியது.

"என்ன தெரியுது?"

"நீலமா ஒரு பொறி."

"எங்கே?"

"மூணாம் வயர்லேருந்து நாலாம் வயருக்குத் தாவுது."

"மூணாம் பிளக்குக்கு?"

"அதுக்கு ஒண்ணும் போய்ச் சேரலே."

மேஸ்திரி இன்ஜினை நிறுத்தினார். தார்ப்பாயை விலக்கினார். நான்கு வயர்களும் ஒன்றோடொன்று ஒட்டி, கறுப்பு டேப் சுற்றி, ஒரே தடியாக இறுகிக் கிடந்தன.

"வயர் பழசு, மேல்தோல் வெடிச்சிருக்கு," என்றார் மேஸ்திரி. "தள்ளித் தள்ளிக் கிடந்த வரைக்கும் ஓடுச்சு. இப்போ ஒட்டிக் கிடக்கு, மலையிலே பளு ஏறினா கரண்ட் தாவிருது. இந்த டேப் எப்போ சுத்தினது?"

"போன மாசம்."

"மிஸ்ஸிங் எப்போலேருந்து?"

மொக்கராசு டேப்பின் நுனியை நகத்தால் நெருடினார். "போன மாசம்."

"எதுக்கு அண்ணே சுத்தினீங்க?"

"அவன் கட்டின வயரைப் பார்த்துட்டு, சீவிச் சடை போட்ட மாதிரி இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அதே மாதிரி கட்டினேன்."

"கிட்டே போய்ப் பார்த்தீங்களா?"

"இங்கேருந்து பார்த்தேன்."

"போய்ப் பாருங்க."

மொக்கராசு பத்தடி நடந்தார். இரண்டு வருஷத்தில் அந்தப் பக்கம் போவது அதுதான் முதல் தடவை. தவமணி விலகி நின்றான்.

அங்கே நின்ற காரில் வயர்கள் வரிசையாகத்தான் போயின. ஆனால் ஒன்றை ஒன்று தொடவில்லை. தேய்ந்த ரப்பர் செருப்பைத் துண்டு போட்டு, துண்டுக்கு நாலு ஓட்டை குத்தி, ஓட்டைக்கு ஒரு வயராக விட்டிருந்தான். நடுவே ஒரு விரல் இடம்.

"செருப்புத் துண்டு இன்னும் ரெண்டு கிடக்குண்ணே," என்றான் தவமணி.

மொக்கராசு வாங்கிக்கொண்டார்.

மத்தியானம் கருத்தப்பாண்டி வந்தார். ஜீப்பை மலையில் ஏற்றினார். நாலு வளைவு ஏறித் திரும்பி வந்து நிறுத்தினார்.

"ஆடு மாதிரி ஏறுதய்யா! யாரு கண்டுபிடிச்சது? தவமணியா?"

மொக்கராசு முன்னே வந்தார். "கண்டுபிடிச்சது மேஸ்திரி. கோளாறு பண்ணினது நான். டேப்பைச் சுத்தி வச்சதே நான்தான்."

"நீயா? அப்போ மூணு தடவை தோட்டத்துப் பொம்பளைகளைத் தள்ள வச்சது நீதானா?"

"ஆமா."

கருத்தப்பாண்டி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரியவா போகுது? போய்யா!" என்றார். "ஆயில் மாத்த வெள்ளிக்கிழமை வர்றேன். உன்கிட்டேதான்." போய்விட்டார்.

தவமணி கை கழுவிவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த சாப்பாட்டுக் கடைக்குப் போனான்.

மொக்கராசு மேஸ்திரியிடம் வந்தார்.

"வயருக்கு நடுவிலே இடம் விடணும்னு அவனுக்கு எப்போ சொல்லிக் கொடுத்தீங்க?"

"நான் சொல்லலே அண்ணே. அவன் இங்கே வந்தப்போ ஒரு எஸ்டேட் காருக்கு டிரைவர். ஞாபகம் இருக்கா?"

"பச்சைக் கார்."

"அந்தக் காரிலே அதுக்கு முன்னாடி ஒருக்கா நீங்க வேலை பார்த்திருக்கீங்க. வயருக்கு நடுவிலே மூங்கில் குச்சியைச் செருகிப் பிரிச்சுக் கட்டியிருந்தீங்க. அதை நீங்களே மறந்துட்டீங்க. மழையிலே மலையெல்லாம் ஏறியும் ஒரு நாள் நின்னதில்லையாம். இதைக் கட்டினவர் யாரு, அவர்கிட்டே தொழில் கத்துக்கணும்னு கேட்டுக்கிட்டுத்தான் உள்ளே வந்தான்."

மொக்கராசு அந்தக் கோடியைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்புறம் ஏன் என்கிட்டே வரலே?"

"வந்தானே. மூணு நாள் உங்க பக்கத்திலேயே நின்னான். நீங்க முகம் கொடுக்கலே. ஊருக்குத் திரும்பறேன்னு பையைத் தூக்கினான். அதுக்கப்புறம்தான் நான் சேர்த்துக்கிட்டேன்."

மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

மொக்கராசு கையைத் துடைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து, தவமணி இருந்த சாப்பாட்டுக் கடைக்குப் போனார்.