ஓடக்காரனின் நனைந்த முகம்

முன்னொரு காலத்தில், அணில் பேசினால் யாரும் ஆச்சரியப்படாத காலத்தில், ஒரு பெரிய ஆற்றங்கரையில் பனந்துறை என்றொரு சின்ன ஊர் இருந்தது. ஊரில் மொத்தம் நாற்பத்தொரு பேர்.

அவர்களில் ஒருவன் பொம்மைக்காரன் கோலப்பன். கட்டைவிரல் உயரத்தில் மண்பொம்மை செய்து வர்ணம் தீட்டுவான். இறக்கை முளைத்த குதிரை, மூன்று தலை அரக்கன், பாம்பு உடம்பு கொண்ட ராணி. பத்தடி தள்ளி நின்றாலும் அரக்கனின் பல் தெரியும். அதற்கு ஒரு வழி வைத்திருந்தான். அவ்வளவு சின்ன மூக்குக்கு நிழல் தானாக விழாது, நாம்தான் போட வேண்டும். பள்ளத்துக்குக் கருப்பு, மேட்டுக்கு வெளுப்பு, இரண்டும் சேரும் இடத்தில் மயிரிழைக் கோடு. வேலை செய்யும்போதெல்லாம் இதை முணுமுணுத்துக்கொண்டே இருப்பான்.

அவனுக்குச் செம்பகம் என்று ஒரே மகள். மனைவி நாச்சி போய் ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. நாச்சி ஜன்னி கண்டு கிடந்த அன்று ஆற்றில் வெள்ளம். வைத்தியர் வீடு அக்கரையில். கோலப்பன் ஓடக்காரன் உடையானிடம் ஓடினான். உடையான் ஆற்றைப் பார்த்தான். "படகு போகாது" என்றான். அவ்வளவுதான். மறுநாள் விடியும்போது நாச்சி இல்லை.

அன்றோடு சரி. எதிரே உடையான் வந்தால் கோலப்பன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அக்கரை போக வேண்டுமென்றால் அரைநாள் நடந்து கல்பாலம் வழியாகச் சுற்றிப் போவான், அவன் படகில் கால் வைக்க மாட்டான். பழசை மறந்துவிடு என்று ஊரில் நாலு பேர் சொன்னார்கள். சொன்னவர்கள் யாரும் எதையும் பறிகொடுத்தவர்கள் இல்லை.

ஒரு நாள் ஊருக்கு ஒரு மந்திரவாதி வந்தான். முதல் நாள் கஞ்சி கேட்டான், முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இரண்டாம் நாள் தண்ணீர் கேட்டான், முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் ஒன்றுமே கேட்காமல் சும்மா நின்றான், அப்போதும் திருப்பிக்கொண்டார்கள். "திருப்பிக்கொள்கிற முகம் உங்களுக்கு எதற்கு?" என்று ஒரு பிடி சாம்பலை எடுத்து ஊதிவிட்டுப் போய்விட்டான்.

கோலப்பன் அப்போது செங்கல் நிறக் கல் பொறுக்க மலைக்குப் போயிருந்தான். திரும்பி வந்து பார்த்தால் படித்துறையில் நாற்பது மண்பொம்மைகள் கிடந்தன. ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம். மழையில் கரைந்த வெல்லம்போல முகங்கள் மழுங்கி, மூக்கு எது கன்னம் எது என்று தெரியவில்லை. இரட்டைச் சடை போட்டிருந்த ஒன்றைக் கையில் எடுத்தான். அது அவன் மகள்.

புன்னை மரத்திலிருந்து ஓர் அணில் இறங்கி வந்தது. நடந்ததை எல்லாம் பார்த்ததாகச் சொன்னது, சாபம் தீரும் வழியையும் சொன்னது. பத்தடி தள்ளி நின்றாலும் இன்னார் என்று தெரியும்படி எந்த முகத்தை எழுதுகிறானோ அந்த ஆள் எழுந்துவிடுவார். ஆனால் ஒரு பொம்மையாவது மிச்சமிருக்கும்போது ஆறு மேல்படியைத் தொட்டால், எழுந்தவர்கள் உட்பட நாற்பது பேரும் மண்ணாகிக் கரைந்துபோவார்கள்.

"மலையில மழை பிடிச்சாச்சு ஓய்" என்றது அணில். தூரிகைக்கென்று வாலிலிருந்து மூன்று மயிர் பிடுங்கிக் கொடுத்தது.

கோலப்பன் விளக்குக்கரியைப் பிசினில் குழைத்தான், சங்கைச் சுட்டு வெள்ளை அரைத்தான். மகளிடமிருந்து தொடங்கினான். கண்குழிக்கும் மூக்கடிக்கும் கருப்பு. நெற்றிக்கும் மூக்குத்தண்டுக்கும் வெளுப்பு. உதடு சேரும் இடத்தில் மயிரிழைக் கோடு. கடைசியாகக் கண்மணியில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தான். செம்பகம் தும்மினாள், கிடுகிடுவென வளர்ந்து நின்றாள், பசிக்கிறது என்றாள்.

அப்படியே ஒவ்வொருவராக எழுந்தார்கள். முப்பத்தொன்பது பேர் எழுந்தார்கள். தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால் ஒரு பொம்மை மிச்சம் இருந்தது. அதன் கையில் துடுப்பு. அதை அங்கே ஒளித்து வைத்தது கோலப்பன்தான்.

ஆறு மேலிருந்து மூன்றாம் படிக்கு ஏறியது. செம்பகத்தின் விரல்நுனி சாம்பல் நிறமாக மாறியது.

வேறு வழியில்லாமல் கோலப்பன் துடுப்புப் பொம்மையைக் கையில் எடுத்தான். கை போன போக்கில் கருப்பை அப்பினான். அரக்கன் முகம் வந்தது, உடையான் வரவில்லை. ஆறு இரண்டாம் படிக்கு ஏறியது. துடைத்துவிட்டு, சீக்கிரம் ஒழியட்டும் என்று வெள்ளையைப் பூசினான். மாவு பூசிய கூத்தாடி முகம் வந்தது, உடையான் வரவில்லை. செம்பகத்தின் கை மணிக்கட்டுவரை மண்ணாகிவிட்டது. அவள் அழவில்லை. அந்தக் கையை மற்றக் கையால் மூடி மறைத்துக்கொண்டு நின்றாள்.

"அவன் முகத்தை நீ கடைசியா என்னைக்கு ஓய் பார்த்தே?" என்று கேட்டது அணில்.

நாச்சியை எரித்த அன்று காலையில் பார்த்தான். சுடுகாட்டுக்கு வெளியே ஒரு பனைமரத்தடியில் உடையான் நின்றுகொண்டிருந்தான். முகமெல்லாம் ஈரம், வெயில் அதில் பட்டு மின்னியது. நன்றாகத் தூங்கி எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்திருக்கிறான் பாவி என்று கோலப்பன் நினைத்தான். ஒன்பது வருஷமும் அதையே நினைத்தான்.

இப்போது அந்த முகத்தை எழுத வேண்டும். எந்த மேட்டில் வெயில் பட்டது? கன்னத்து எலும்பில் ஒரு கீற்று, மூக்குத்தண்டில் ஒரு கீற்று, தாடையில் தொங்கிய சொட்டில் ஒரு புள்ளி. எந்தப் பள்ளத்தில் இருட்டு? தூங்காத கண்ணுக்குக் கீழே. நெற்றியில் ஒரு வெட்டு, அதற்கு மயிரிழைக் கோடு. காது மடலில் பச்சையாக என்னவோ ஒட்டியிருந்ததே.

அது ஆற்றுப் பாசி.

கோலப்பனின் கை நின்றது. முகம் கழுவினவன் காதில் பாசி எப்படி ஒட்டும்? வேட்டியும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தலைமயிரில் சேறு. அத்தனையும் அவன் கண்ணில் அன்றே பட்டிருந்தது. பட்டும் அவன் பார்க்கவில்லை.

கண்மணியில் வெள்ளைப் புள்ளி வைத்தான். உடையான் எழுந்து நின்றான். மேல்படிக்கு ஒரு சாண் கீழே ஆறு தயங்கி நின்று, பிறகு இறங்கத் தொடங்கியது. செம்பகத்தின் கையிலிருந்து மண் உதிர்ந்தது.

கோலப்பன் அவனை நேராகப் பார்த்தான். "அன்னைக்கு ஏன்யா நனைஞ்சிருந்தே?"

"நீந்திப் போனேன்."

"படகு போகாதுன்னு சொன்னியே."

"படகு போகாதுன்னுதான் சொன்னேன் அண்ணாச்சி. நான் போகமாட்டேன்னு சொல்லலையே."

மீதியை உடையான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அக்கரை போய்ச் சேர்ந்தான். வைத்தியர் கொடுத்த மருந்துப் பொட்டலத்தை வாயில் கவ்விக்கொண்டு திரும்பினான். நடு ஆற்றில் அடித்து வந்த மரம் ஒன்று நெற்றியில் மோதியது. வலியில் வாயைத் திறந்துவிட்டான்.

"மருந்தை ஆத்துல விட்டவன் வந்து என்னத்தைச் சொல்ல. நீங்களும் முகத்தைத் திருப்பிக்கிட்டீங்க."

கோலப்பன் தூரிகையைக் கழுவினான். சுத்தமான பிறகும் கழுவிக்கொண்டே இருந்தான்.

ஊர் பிழைத்தது. அதன்பின் பனந்துறையில் கஞ்சி கேட்டு வந்த யாரும் வெறுங்கையோடு போகவில்லை. அணிலுக்குப் புன்னை மரத்தடியில் தினமும் ஒரு பிடி தானியம் வைத்தார்கள்.

கோலப்பன் மட்டும் இன்னொரு பொம்மை செய்தான். பள்ளத்துக்குக் கருப்பு, மேட்டுக்கு வெளுப்பு, இரண்டும் சேரும் இடத்தில் மயிரிழைக் கோடு. கண்மணியில் புள்ளி வைத்துவிட்டு நெடுநேரம் காத்திருந்தான். நாச்சி எழவில்லை. எழ மாட்டாள் என்று அவனுக்கும் தெரியும்.

அதை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனான். உடையானின் படகு முனையில், முகம் அக்கரையைப் பார்க்கும்படி வைத்தான். பிறகு ஒன்பது வருஷத்தில் முதல்முறையாகப் படகில் ஏறி உட்கார்ந்தான். உடையான் துடுப்பைப் போட்டான்.

படகு அக்கரை போயிற்று, கதையும் அதில் ஏறிப் போயிற்று. கேட்ட நாம்தான் இக்கரையில் இருக்கிறோம்.