தவிட்டுக்குருவிகளின் பேச்சு

"இந்தக் குருவிங்களை இன்னும் எவ்வளவு நாளைக்கும்மா பாத்துக்கிட்டு இருக்கறது?" என்று கேட்டார் பொன்னுரங்கம்.

வடிவாம்பாள் கொல்லைப் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

பொன்னுரங்கம் கல்லூரி விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். அதன் பிறகு வீட்டில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோயில் கோயிலாகப் போனார். மலை ஏறினார். எங்கேயும் மனசு தரிக்கவில்லை. கடைசியில், தன்னைவிட வயதில் இளையவரான வடிவாம்பாளைக் குருவாக வரித்து, அவர் வீட்டுப் பக்கத்து அறையில் வந்து தங்கினார்.

மந்திரம் ஏதாவது சொல்லித்தருவார் என்று எதிர்பார்த்தார்.

"கொல்லைக்குத் தவிட்டுக்குருவிங்க வரும். அதுங்க என்ன பேசிக்குதுன்னு கேட்டு எனக்குச் சொல்லுங்க" என்றார் வடிவாம்பாள்.

அவ்வளவுதான்.

பொன்னுரங்கம் உட்காருவார். எழுந்து தொம் தொம்மென்று நடப்பார். தொண்டையைச் செருமுவார். துண்டை உதறித் தோளில் போடுவார். மறுபடி உட்காருவார்.

ஆனாலும் காது பழகிவிட்டது.

"சரி, என்னதான் பேசுதுங்க?" என்று இப்போது கேட்டார் வடிவாம்பாள்.

"இரை பொறுக்கறப்ப கிறுகிறுன்னு சின்னச் சத்தம். ஒண்ணை விட்டு ஒண்ணு தொலைஞ்சு போயிடாம இருக்கறதுக்கு. ஒண்ணு மட்டும் சாப்பிடாம முருங்கைக் கிளையில காவல் இருக்கும். வல்லூறு வந்தா அது நீளமா சீட்டி அடிக்கும். எல்லாம் செம்பருத்திக்குள்ள பூந்துக்கும்."

"பாம்பு வந்தா?"

"ஓடாது. சுத்தி நின்னுகிட்டுக் கத்தும். நேத்து அந்தச் சத்தத்தை வெச்சுத்தான் துவைக்கிற கல்லுக்குப் பின்னால சாரை கிடந்ததைக் கண்டுபிடிச்சேன்."

குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"வேற?"

பொன்னுரங்கம் தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணு மட்டும் பிடிபடலை. வெடுக்கு வெடுக்குன்னு ரெண்டு தடவை கத்தும். உடனே எல்லாம் கப்சிப்னு மரத்துல ஏறிடும். மேல பாத்தா வல்லூறு இல்லை. கீழ பாத்தா பாம்பும் இல்லை, பூனையும் இல்லை. தேடித் தேடி அலுத்துப்போச்சு."

"அது எப்ப கேக்கும்?"

"காலையில. நான் கொல்லைக்கதவைத் திறந்து..."

நிறுத்தினார்.

வடிவாம்பாள் ஒரு தண்டை ஒடித்து முறத்தில் போட்டார்.

"நீங்க வர்றப்பவும் அப்படிக் கத்துமா?" என்று கேட்டார் பொன்னுரங்கம்.

"இல்லை."

பொன்னுரங்கம் முருங்கை மரத்தைப் பார்த்தார். இலைகளுக்கு நடுவே குருவிகளெல்லாம் ஒட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றும் வாய் திறக்கவில்லை.

அவர் படிக்குக் கீழே, மண்ணில், மெல்ல உட்கார்ந்தார். வெகுநேரம் அசையவில்லை.

"வீட்டுல மருமகளும் பேத்திங்களும் அடுப்படியில சிரிச்சுப் பேசிகிட்டு இருப்பாங்க" என்றார். "நான் உள்ள காலை வெச்சா சத்தம் நின்னுடும். விடுதியிலயும் அப்படித்தான். நான் அதை மரியாதைன்னு..."

குரல் உயர்ந்துவிட்டது.

வடிவாம்பாள் உதட்டின் மேல் விரலை வைத்தார்.

"மெதுவாப் பேசுங்க. இப்பத்தான் ஒண்ணு கீழ இறங்குது."