மூன்றே மூன்று வீச்சு

ஒரு காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. குளத்தை ஒட்டி ஒரு புல்வெளி. அங்கே தினமும் பொழுது சாயும் நேரத்தில், கருமலை என்ற கரடி காட்டுக் குட்டிகளுக்கெல்லாம் விளையாட்டு சொல்லிக்கொடுத்து வந்தது.

யாரும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. கருமலைக்குச் சொந்தமாகக் குட்டியும் இல்லை. ஒருநாள் விளாமரத்தடியில் நின்றபோது, மேலிருந்து விழுந்த காய் ஒன்றைக் கையிலிருந்த கட்டையால் சும்மா தட்டிவிட்டது. காய் பறந்து போய்க் குளத்தில் தொப்பென்று விழுந்தது. அங்கே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த குட்டிகள் குதித்தன.

“மாமா, இன்னொரு தடவை!”

“மாமா, எனக்கு! எனக்கு!”

அப்படித்தான் ஆட்டம் பிறந்தது. ஒரு குட்டி காய்ந்த விளாங்காயை வீசும். எதிரே நிற்கும் குட்டி கட்டையால் அடிக்கும். அடித்ததும் ஓட வேண்டும். வேங்கை, மருது, நாவல், புங்கை என்று புல்வெளியைச் சுற்றி நின்ற நான்கு மரங்களையும் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அதற்குள் யாராவது காயை எடுத்து வந்து, ஓடும் குட்டியைத் தொட்டுவிட்டால் அவுட். மூன்று வீச்சையும் அடிக்காமல் விட்டாலும் அவுட்.

கருமலைக்கு இரையான கறையான் புற்றைவிட்டுக் கிளம்பும் நேரமும் அதுதான். ஆட்டம் முடித்துக் கருமலை போவதற்குள் புற்று காலியாகிவிடும். பல நாள் அரை வயிற்றோடுதான் படுத்தது. ஆனாலும் படுத்ததும் சிரித்துக்கொள்ளும். பன்றிக்குட்டி குண்டுமணி நாவல் மரத்தைச் சுற்றும்போதெல்லாம் தடுக்கி விழுந்து, விழுந்த இடத்திலேயே நாவற்பழம் பொறுக்கித் தின்னும். அதை நினைத்துத்தான் சிரிப்பு.

சில நாளில் சுறுக்கன் என்ற கீரியும் வந்து சேர்ந்தது.

“அண்ணே, நீங்க அடிக்கச் சொல்லிக்கொடுங்க. ஓடுறதுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன்!” என்றது. அதற்கும் கூலி இல்லை. குட்டிகள் கும்பலாகக் கத்துவதைக் கேட்பதே கூலி.

குட்டிகளிலேயே துடுக்கி என்ற குரங்குக்குட்டிதான் வீச்சில் கெட்டி. அது கையைச் சுழற்றினால் காய் போவது தெரியாது, ‘விர்’ரென்ற சத்தம் மட்டும் கேட்கும்.

ஒருநாள் கொண்டலாத்திப் பறவை ஒன்று அந்தப் பக்கம் வந்தது. காடு காடாகச் சுற்றும் பறவை அது. துடுக்கி வீசுவதைப் பார்த்ததும் தலைக்கொண்டையை விரித்தது.

“ஆகா! இந்தக் கை இந்தக் காட்டுக்குள்ளேயே கிடக்கலாமா? ஏழு காட்டுக் குட்டிகளுக்கும் போட்டி வைக்கப்போறேன். ஜெயிக்கிற அணியைச் சிங்கராஜா தன்னோட தோப்புக்கே கூப்பிட்டு வெச்சுக்குவாராம்! வருஷம் பூரா பழம், வருஷம் பூரா தண்ணி!”

“ராஜா சொன்னாரா?” என்று கேட்டது கருமலை.

“சொன்னதாகக் கேள்வி!” என்றது கொண்டலாத்தி.

கருமலை அதை அத்தோடு விட்டுவிட்டது. ஆனால் செய்தி காடு முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் புல்வெளிக்கு வந்த கருமலை திகைத்து நின்றது. அதுவரை எட்டிக்கூடப் பார்க்காத தாய்தகப்பன்மார் எல்லோரும் மரத்துக்கு மரம் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏய், குனிஞ்சு நில்லுடா!”

“என்னடி பார்க்கிற? காயைப் பாரு!”

“பக்கத்து வீட்டு முயல் அடிக்குது, நீ அடிக்க மாட்டியா?”

அன்று குண்டுமணி விழுந்தபோது யாரும் சிரிக்கவில்லை. துடுக்கியின் தாய் வடிவு மந்தி கிளையிலிருந்து இறங்கி வந்தது.

“கருமலை அண்ணே, தப்பா நினைக்காதீங்க. போட்டியில அணிக்கு ஒன்பது பேர்தானே ஆட முடியும்? விழுந்து விழுந்து எழுந்திரிக்கிறதையெல்லாம் வெச்சுக்கிட்டு எப்படி ஜெயிக்கிறது?”

“எல்லாரும் மாத்தி மாத்தி ஆடட்டும் தங்கச்சி. குட்டிங்கதானே.”

“உங்களுக்குக் குட்டி இல்லை. அதான் உங்களுக்குப் புரியலை!”

கருமலை சுறுக்கனைப் பார்த்தது. சுறுக்கன் தரையைப் பார்த்தது.

“ஒரே ஒரு பருவம்தானே அண்ணே,” என்றது மெல்ல. “ஜெயிச்சிட்டு வந்து மறுபடி எல்லாரையும் சேர்த்துக்கலாம்.”

மறுநாள் கருமலை ஒன்பது பேரைக் கூப்பிட்டது. குண்டுமணியைக் கூப்பிடவில்லை. பன்றிக்குட்டி தன் பேர் வரும் வரும் என்று கடைசிவரை நின்று பார்த்தது. பிறகு பக்கத்தில் வந்தது.

“மாமா, நான் என்ன தப்பு பண்ணேன்?”

கருமலை முகத்தைத் திருப்பிக்கொண்டது. “அடுத்த பருவத்துல வாடா,” என்று மட்டும் சொன்னது.

பொழுது இறங்குவதற்குள் குண்டுமணியின் தகப்பன், மொந்தன் என்ற காட்டுப்பன்றி, மண்ணைக் கிளறிக்கொண்டு வந்து நின்றது.

“அந்த மந்தி எத்தனை தேனடை கொடுத்தா உனக்கு? சொல்லு!”

“நான் யார்கிட்டேயும் ஒரு சொட்டுத் தேன்கூட வாங்கலை.”

“பின்னே சும்மாவா ஒருத்தன் தினமும் வந்து நிற்பான்? எங்களுக்குத் தெரியாதா!”

அடி விழுந்தாலும் கருமலை தாங்கியிருக்கும். இந்தப் பேச்சைத் தாங்க முடியவில்லை. அன்றே ஆட்டத்தை விட்டிருக்க வேண்டும். விடவில்லை.

ஏனென்றால் அணி ஜெயிக்கத் தொடங்கிவிட்டது. முதல் காடு, இரண்டாம் காடு, மூன்றாம் காடு. கருமலை நடந்துபோனால் முன்பெல்லாம் ஒதுங்கிப் போன மான்கள்கூட நின்று வணங்கின. “அதோ, நம்ம பயிற்சியாளர்!” என்றன. கருமலையின் நடையே மாறிப்போனது. சாயங்கால ஆட்டத்தோடு காலை ஆட்டமும் சேர்ந்தது. துடுக்கி ஒரு நாளைக்கு நூறு காய் வீசியது.

நான்காம் காட்டோடு ஆடிய அன்று ஆமை நடுவராக இருந்தது. நம் காட்டு முயல்குட்டி அவுட் என்று சொன்னது. சரியான தீர்ப்புதான், கருமலை கண்ணால் பார்த்தது. ஆனால் மரங்களிலிருந்து மண்ணாங்கட்டி பறந்தது.

“குருட்டு ஆமை!”

“எதிரிகிட்ட பாசி வாங்கித் தின்னுட்டியா?”

நாலைந்து பேர் இறங்கி வந்து ஆமையை மல்லாக்கப் புரட்டிப்போட்டார்கள். ஆமை கால்களை உதறியது. பெரியவர்கள் சிரித்தார்கள். பெரியவர்கள் சிரித்ததால் குட்டிகளும் சிரித்தன. ஒரு குட்டி ஓடிவந்து ஆமையின் வயிற்றில் ஒரு காயை எறிந்தது. கருமலை சொல்லிக்கொடுத்தபடி, குறி தவறாமல் எறிந்தது.

கருமலை ஓடிப்போய் ஆமையைத் திருப்பி நிமிர்த்தியது.

“மன்னிச்சிடுங்க ஐயா.”

“நான் இனிமே வரலைப்பா,” என்றது ஆமை. “எனக்கு இருக்கிறது இந்த ஓடு ஒண்ணுதான்.”

அது ஊர்ந்து ஊர்ந்து புல்லுக்குள் மறைந்தது. ஆட்டம் தொடர்ந்தது. நம் காடுதான் ஜெயித்தது.

அதற்கு நாலு நாள் கழித்துத் துடுக்கி கருமலையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

“மாமா, தோள்ல முள்ளு குத்துற மாதிரி இருக்கு.”

கருமலை தொட்டுப் பார்த்தது. தோள் கொதித்தது. அன்றைக்கே வடிவு மந்தியிடம் போனது.

“பிள்ளைக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கொடுக்கலாம் தங்கச்சி. தோள் வீங்கியிருக்கு.”

“கடைசிப் போட்டிக்கு இன்னும் மூணு நாள்தான் இருக்கு. இப்போ ஓய்வா? நான் நொச்சி இலை அரைச்சுப் போட்டேன். சரியாயிடும்!”

“சரியாகலைன்னா?”

“ராஜா தோப்புல நல்ல வைத்தியம் பார்ப்பாங்க!”

கருமலை இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். உரக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் திரும்பி நடந்தது. வழியில் இரண்டு மான்கள் அதை வணங்கின.

கடைசிப் போட்டி கிழக்குமலைக் காட்டோடு. ஏழு காட்டு விலங்குகளும் வந்து குவிந்திருந்தன. ஆட்டம் கடைசிவரை இழுபறியாகப் போனது. கிழக்குமலைக்கு ஒரே ஓர் ஆட்டக்காரன்தான் மிச்சம். ஒரு கருங்குரங்குக் குட்டி, கட்டையோடு வந்து நின்றது. அதை அடிக்கவிடாமல் மூன்று காய் வீசிவிட்டால் ஜெயம். அது அடித்துச் சுற்றி வந்துவிட்டால் தோல்வி.

துடுக்கி வீசும் இடத்துக்குப் போகவில்லை. கருமலையிடம் வந்தது. வலது கை தொங்கிக்கொண்டிருந்தது.

“மாமா, கையைத் தூக்க முடியலை.”

பின்னால் முயல்குட்டி நின்றது. அதற்கும் ஓரளவு வீசத் தெரியும். அதை அனுப்பியிருக்கலாம். தோற்றிருப்பார்கள், அவ்வளவுதான்.

“வீசுடி! வீசு!” என்று கிளையிலிருந்து கத்தியது வடிவு மந்தி. சுறுக்கன் கருமலையின் முகத்தையே பார்த்தது. காடே பார்த்தது.

கருமலை குனிந்து துடுக்கியின் தலையைத் தடவியது.

“இன்னும் மூணே மூணு வீச்சு கண்ணு.”

துடுக்கி போனது. முதல் காயை வீசியது. கருங்குரங்கு தவறவிட்டது. இரண்டாவது வீசியது. தவறவிட்டது. மூன்றாவது காய்க்கு அது கையைத் தூக்க இடது கையால் முட்டுக்கொடுத்ததைக் கருமலை பார்த்தது. ‘நிறுத்து’ என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் காய் பறந்துவிட்டது.

காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம். கருங்குரங்கு காற்றை அடித்தது. காடு அதிர்ந்தது.

“ஜெயிச்சோம்! ஜெயிச்சோம்!”

எல்லோரும் புல்வெளிக்குள் பாய்ந்தார்கள். முயல்குட்டியைத் தூக்கினார்கள், சுறுக்கனைத் தூக்கினார்கள். அந்தக் கால்களுக்கு நடுவே துடுக்கி நினைவிழந்து கிடந்தது. அதை முதலில் பார்த்தது கருமலை. மந்தி வந்து சேர வெகுநேரம் ஆயிற்று. அது கிளையில் நின்று ஆடிக்கொண்டிருந்தது.

முறிந்த தோளெலும்பு ஒட்டவில்லை. துடுக்கியின் கை அதன்பிறகு மேலே எழவே இல்லை. மரமேற முடியாத குரங்காக அது தரையில் உட்கார்ந்தது.

பத்தாம் நாள் காடு கூடியது. எல்லோருக்கும் முன்னால் வடிவு மந்தி கருமலையைக் காட்டியது.

“இவர்தான் வீசச் சொன்னார்! எல்லாரும் பார்த்தீங்களே!”

“ஆமா,” என்றது கருமலை. “நான்தான் சொன்னேன். வலிக்குதுன்னு அவ என்கிட்டச் சொன்னா. கேட்டும் வீசச் சொன்னேன். உன்கிட்டேயும் சொன்னா தங்கச்சி.”

“எங்களுக்கு என்ன தெரியும்? நீதானே பயிற்சியாளன்!” என்று மொந்தன் உறுமியது. மான்கள் தலையாட்டின. வணங்கிய அதே மான்கள்தான்.

அந்தப் பக்கமாகப் பறந்த கொண்டலாத்தியை யாரோ கூப்பிட்டு, “ராஜா எப்போ எங்களைக் கூப்பிடுவார்?” என்று கேட்டார்கள்.

“இப்படி ஓர் ஆட்டம் இருக்கிறதே ராஜாவுக்குத் தெரியாதாம்! அடுத்த வருஷம் இன்னும் பெரிசா நடத்துவோம், காதுல விழும்!” என்று சொல்லிவிட்டு அது பறந்துபோனது.

இதைக் கேட்டாவது ஆட்டத்தை நிறுத்துவார்கள் என்று கருமலை நினைத்தது. மறுநாள் வடிவு மந்தி தன் இளைய குட்டியைச் சுறுக்கனிடம் இழுத்து வந்தது.

“இவன் கை அவ கையைவிட வேகம். பாருங்க!”

கருமலை சுறுக்கனைத் தனியே கூப்பிட்டது. “வா, போயிடலாம்.”

“நாம போனா அவங்க இஷ்டத்துக்கு ஆட்டிவைப்பாங்களே அண்ணே! நான் இருந்தாலாவது மெதுவா எடுத்துச் சொல்லலாம்.”

“நாமளும் மெதுவாத்தான் சொன்னோம்,” என்றது கருமலை.

போவதற்கு முன் துடுக்கியைப் பார்க்கப் போனது. குட்டி ஒரு பாறையடியில் உட்கார்ந்து, உதிர்ந்த இலைகளை இடது கையால் அடுக்கிக்கொண்டிருந்தது.

“மாமா, நாம ஜெயிச்சோமா? எனக்கு யாரும் சொல்லவே இல்லை.”

“ஜெயிச்சோம் கண்ணு.”

“அப்புறம் ஏன் மாமா யாரும் என்னைப் பார்க்க வரலை?”

கருமலை அதன் பக்கத்தில் உட்கார்ந்தது. ‘என்னை மன்னிச்சிடு’ என்று சொல்லத்தான் வந்திருந்தது. அதைச் சொன்னால் தன் மனம் லேசாகிவிடும், குட்டியின் கை லேசாகாது என்று தோன்றியது. துடுக்கியைத் தூக்கி, எட்டாத கிளையில் பழுத்திருந்த அத்திப்பழங்களைப் பறிக்கவைத்தது. பிறகு இறக்கிவிட்டு, மலைக்கு அந்தப்புறம் நடந்தது. அங்கே யாருக்கும் எதையும் அது சொல்லிக்கொடுக்கவில்லை.

இரண்டு பருவம் கழித்துச் சுறுக்கனும் அங்கே வந்து சேர்ந்தது. அதன் காது ஒன்று கிழிந்திருந்தது. யார் கிழித்தது என்று கருமலை கேட்கவில்லை.

“இப்போ ஆட்டம் எப்படி?”

“குட்டிங்க பாதிக்கு மேலே வர்றதில்லை அண்ணே. ஒளிஞ்சுக்குதுங்க. பெத்தவங்கதான் தவறாம வந்து மரத்துல உட்கார்ந்து கத்திக்கிட்டிருக்காங்க.”

குழந்தைகளின் ஆட்டத்தில் பெரியவர்களின் ஆசை புகுந்துவிட்டால் எந்த அணி ஜெயித்தாலும் குழந்தைகளே தோற்கிறார்கள். நல்லவன் என்று பேர் வாங்கியும் தடுக்க வேண்டிய நேரத்தில் தடுக்காதவன், அந்தத் தோல்விக்கு முதல் காரணமாகிறான்.