வருத்தம் தெரிவிக்க வந்த யானைகள்

எந்த நாடு, எந்தக் காலம், அந்த ராஜா உண்மையிலேயே இருந்தானா என்றெல்லாம் குறுக்கே கேட்க மாட்டீர்கள் என்றால் சொல்கிறேன். ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னால், ஆற்றங்கரை நாடு ஒன்றைச் செண்டலங்காரன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன். ரொம்பவே நல்லவன். யார் வந்து கஷ்டத்தைச் சொன்னாலும் பொலபொலவென்று கண்ணீர் விடுவான். ராஜாவே அழுகிறாரே என்று வந்தவர்களும் சங்கடப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இந்த நல்ல குணம்தான் இந்தக் கதையில் பெரிய தலைவலி.

அந்த நாட்டின் ஓரத்தில் ஈரவயல் என்று ஓர் ஊர். பேர்தான் ஈரவயல். ஊருக்கு இருந்தது ஒரே கிணறு, கோடை வந்தால் அதிலும் தரை தெரியும்.

முன்பு அப்படி இல்லை. ஆற்றிலிருந்து ஒரு வாய்க்கால் வந்து வயலையெல்லாம் நனைத்தது. செண்டலங்காரனின் தாத்தாவுக்கு ஒருநாள் அரண்மனைத் தோட்டத்தில் தாமரைக் குளம் வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. வாய்க்காலின் வாயில் கருங்கல் சுவர் எழுப்பித் தண்ணீரைக் குளத்துக்குத் திருப்பச் சொன்னான். ஈரவயல்காரர்கள் ஓடிப்போய்ச் சுவர் எழுப்பும் இடத்தில் குறுக்கே படுத்தார்கள். எழுந்திருக்கச் சொன்னான். எழுந்திருக்கவில்லை. யானைகளை விட்டான்.

குளத்தில் தாமரை பூத்தது. ஈரவயல் காய்ந்து போனது.

ஆனால் அந்த ஊர்க்காரர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு ஒரு பழக்கம். சித்திரை பிறந்ததும் ஊரே மண்வெட்டியோடு போய் அந்த வறண்ட வாய்க்காலைத் தூர் வாரும். வராத தண்ணீருக்கு வழி செய்வார்கள். முள்ளை வெட்டி, மணலை அள்ளி, கரையைச் சீவிவிட்டு வருவார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று இவர்கள் அடுத்த சித்திரையிலும் போவார்கள்.

அந்த ஊரில் காத்தாயி என்று ஒருத்தி. யானைக் காலடியில் செத்தவர்களில் ஒருவருடைய பேத்தி. அவளுக்குச் சடையன் என்று ஒரே மகன். நல்ல உழைப்பாளி, நல்ல குணம், பார்க்கவும் லட்சணமாக இருப்பான். என்ன பிரயோசனம்? பெண் கொடுக்க ஆள் இல்லை. கடைசியில் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்திக்கு அவனைப் பிடித்துப்போனது. அவள் அப்பா மட்டும் பிடிகொடுக்கவில்லை.

"மாப்பிள்ளைய ஒரு குறை சொல்ல மாட்டேன். ஆனா எம்பொண்ணு காலம் பூரா காலிக்குடத்தைத் தூக்கிக்கிட்டு அலையணுமா? உங்க வாய்க்கால்ல தண்ணி வரட்டும், மறுநாளே தாலி கட்டட்டும்" என்றார்.

காத்தாயி காலிக்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே அரண்மனைக்கு நடந்தாள். நடந்ததை ராஜாவிடம் சொன்னாள். செண்டலங்காரன் கேட்டான். அழுதான். மேல்துண்டு நனையும்வரை அழுதான்.

"என் தாத்தா செய்தது பெரும் பாவம். நான் வருந்துகிறேன் என்று நாடெங்கும் பறையறையுங்கள்" என்றான்.

அறைந்தார்கள். ஊர் ஊராக, தெருத் தெருவாக, ராஜா வருந்துகிறார், ராஜா வருந்துகிறார் என்று காது கிழிய அறைந்தார்கள்.

காத்தாயி கைகூப்பினாள். "சரிங்க மகாராஜா. தண்ணி எப்ப வரும்?"

பக்கத்தில் நின்ற அமைச்சர் தாண்டவராயருக்குக் கோபம் வந்துவிட்டது. "செய்தவர் தாத்தா. அவர் போய்ச் சேர்ந்து எத்தனை காலம் ஆகிறது! இவர் என்னம்மா செய்வார்?" என்றார்.

கேட்டீர்களா நியாயத்தை! தாத்தா போய்விட்டாராம். தாத்தா கட்டின சுவர் போகவில்லையே. தாத்தா வெட்டின குளத்தில் பேரன் தினமும் முங்கி முங்கிக் குளித்துக்கொண்டுதானே இருக்கிறான்?

ஒரு வருஷம் போனது. காத்தாயி மறுபடியும் குடத்தோடு வந்தாள். ராஜா மறுபடியும் அழுதான். இந்தத் தடவை, செத்தவர்கள் பேரையெல்லாம் பொறித்து ஊர் நடுவில் ஓர் உயரமான கல் நடச் சொன்னான். நட்டார்கள். அந்தக் கல்லைக் குளிரவைக்கத் தினமும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று உத்தரவு வேறு! ஊரே ஒரு குடத்துக்கு அடித்துக்கொள்கிறது, கல்லுக்கு இரண்டு குடமாம்.

"சரிங்க மகாராஜா. தண்ணி எப்ப வரும்?" என்றாள் காத்தாயி.

"குளத்தில் அன்னங்கள் இருக்கின்றன. திடீரென்று தண்ணீரை நிறுத்தினால் அவை வாடிவிடும். அவை என்ன பாவம் செய்தன?" என்றார் தாண்டவராயர்.

எனக்கு வாயில் என்னவோ வருகிறது. பிள்ளைகள் இருக்கிறீர்கள், விழுங்கிக்கொள்கிறேன்.

மூன்றாம் வருஷம் பெண்ணின் அப்பா சொல்லி அனுப்பிவிட்டார். "வர்ற தை வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் வேற இடம் பார்த்துடுவேன், வருத்தப்படக் கூடாது." சடையன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போய்விட்டான். காத்தாயி குடத்தை எடுத்தாள். மறுபடியும் அரண்மனைக்கு ஓடினாள்.

ராஜா அழுதான். இந்தத் தடவை அழுகையோடு நிற்கவில்லை.

"நானே ஈரவயலுக்கு வருகிறேன். அந்த மண்ணில் நின்று மன்னிப்புக் கேட்கிறேன்!"

இங்கே அந்த நாட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ராஜா ஓர் ஊருக்குள் காலெடுத்து வைத்தால், பொழுது சாய்வதற்குள் அந்த ஊர்த் தண்ணீரை, அந்த ஊர்க்காரர் கையால் வாங்கிக் குடிக்க வேண்டும். குடிக்காமல் திரும்பினால் அந்த ஊர் அவனுடைய ஊர் இல்லை. வரியும் கிடையாது, வணக்கமும் கிடையாது. அது மட்டுமா, தண்ணீர் கிடைக்காமல் திரும்பிய ராஜா என்று அடுத்தடுத்த ஊரும் கைவிட்டுப் போய்விடும். வெளியிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் செல்லாது.

அதனால் ஈரவயல்காரர்கள் நாள்கணக்கில் வாயைக் கட்டி, குளிக்காமல், மாட்டுக்குக்கூட அரைவயிறு தண்ணீர் காட்டி, சேர்த்து வைத்தார்கள். கல்தொட்டி நிறைய, வீட்டுக்கு வீடு பானை நிறையச் சேர்த்தார்கள். ஆயிரம் இருந்தாலும் வீடு தேடி வருகிறவர் ஆயிற்றே.

ராஜா வந்தான். எப்படி வந்தான் தெரியுமா? யானைமேல்! ஒரு யானை இல்லை, ஒரு வரிசை யானை. பின்னால் குதிரைகள், கொம்பு ஊதுகிறவர்கள், குடை பிடிக்கிறவர்கள், வருத்தப்பாட்டுப் பாட ஒரு கோஷ்டி. யானையால் மிதித்துக் கொன்ற ஊருக்கு யானையோடு வருத்தம் தெரிவிக்க வருகிறான்! அவ்வளவு பெரிய அரண்மனையில், இது வேண்டாமே மகாராஜா என்று சொல்ல ஒரு ஆளுக்குக்கூடத் தோன்றவில்லை. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

யானைகளைப் பார்த்ததும் கிழவர்கள் சிலர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

ராஜா கல்லின் முன்னால் நின்று பேசினான். உருக்கமாகப் பேசினான். பேசினான், பேசினான், வெயில் உச்சிக்கு வரும்வரை பேசினான். அந்த நேரத்தில் பாகர்கள் யானைகளைத் தொட்டிக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். தொட்டி காலி. குதிரைக்காரர்கள் பானைகளைக் கவிழ்த்தார்கள். பானைகள் காலி. மிச்சப் பேர் கிணற்றில் இறைத்துக் குடித்து, முகம் கழுவி, கால் கழுவி, கடைசியில் வாளியில் சேறு வந்ததும்தான் நிறுத்தினார்கள்.

பேசி முடித்ததும் ராஜாவுக்குத் தொண்டை வறண்டது. "தண்ணீர்" என்று கையை நீட்டினான்.

காத்தாயி கும்பிட்டாள். "ரொம்ப வருந்துறோம் மகாராஜா."

"தண்ணீர் அம்மா."

"உங்க தாகத்தை நெனைச்சு ஊரே வருந்துது மகாராஜா. வேணும்னா பறையறையச் சொல்றேன்."

"தண்ணீர் கொடு என்கிறேன்!"

"உங்க தாகத்துக்கு ஒரு கல் நட்டு வைக்கிறோம் மகாராஜா."

தாண்டவராயர் துள்ளிக் குதித்தார். "என்ன கொழுப்பு உனக்கு! ராஜாவுக்கே தண்ணீர் இல்லை என்கிறாயா?"

"நான் எங்க ஒளிச்சு வச்சிருக்கேன்? நீங்களே போய்ப் பாருங்க. உங்க யானை குடிச்சுது, உங்க குதிரை குடிச்சுது, உங்க ஆளுங்க கால் கழுவினாங்க. எம்புள்ளைக்கே இன்னைக்குக் குடிக்கத் தண்ணியில்ல!" காத்தாயியின் குரல் உடைந்தது. அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

அமைச்சர் ஓடிப்போய்ப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்தவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. வெயில் மேற்கே சரிந்துகொண்டிருந்தது.

"பொழுது சாய்வதற்குள் இந்த ஊரில் தண்ணீர் எப்படி வரும்?" என்று கேட்டான் ராஜா. உதடு ஒட்டிக்கொண்டது.

"வழி ஒண்ணுதான் மகாராஜா. வாய்க்காலைத் தொறந்து விட்டா வரும்."

"அது தூர்ந்துபோய் எத்தனையோ காலம் ஆகியிருக்குமே!" என்றார் தாண்டவராயர்.

சடையன் மண்வெட்டியோடு முன்னால் வந்தான். "இந்தச் சித்திரைக்குத்தான் வாரினோம். வந்து பாருங்க."

போய்ப் பார்த்தார்கள். வாய்க்கால் துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. ராஜா குனிந்து கரையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு யானைகளைக் கல்சுவருக்கு ஓட்டச் சொன்னான். எந்த யானைகளின் பாட்டன்மார் அந்த இடத்தில் மனுஷரை மிதித்தனவோ, அந்த யானைகள் தும்பிக்கையால் கல்லைப் பெயர்த்துத் தள்ளின.

பொழுது சாயும் நேரத்தில் தண்ணீர் வந்தது. நுரையும் சருகுமாகக் கலங்கி வந்தது. கதவைச் சாத்திக்கொண்ட கிழவர்களெல்லாம் வெளியே வந்து வாய்க்காலில் இறங்கி உட்கார்ந்துவிட்டார்கள். காத்தாயி இரண்டு கையாலும் அள்ளி ராஜாவுக்கு ஊற்றினாள். கலங்கல் தண்ணீரை ராஜா மடமடவென்று குடித்தான்.

"வழக்கம் நிறைவேறியது. இனி வாய்க்காலை அடைக்கச் சொல்லலாமா?" என்றார் தாண்டவராயர். நம்புங்கள், அப்போதும் கேட்டார்.

"அடைச்சுக்கோங்க. ஆனா அடுத்த வருஷம் அழறதுக்கு வராதீங்க, புண்ணியமாப் போகும். எங்க கிணத்துத் தண்ணியாவது மிஞ்சும்" என்றாள் காத்தாயி.

ராஜாவின் முகம் செத்துப்போனது. "திறந்தே இருக்கட்டும். குளம் வற்றினால் வற்றட்டும்" என்றான். பிறகு கொஞ்சம் மனத்தாங்கலோடு, "கேட்டதைக் கொடுத்துவிட்டேன். இப்போது திருப்திதானே?" என்றான்.

"கொடுத்தீங்களா? எங்க தண்ணிய எங்ககிட்டயே விட்டிருக்கீங்க மகாராஜா. இத்தனை காலம் விளையாத வயலுக்கு விதை நெல் வேணும், உழ மாடு வேணும். அதையும் அனுப்பி வைங்க. எங்க தாத்தாவை மட்டும் உங்களால அனுப்ப முடியாது. அழறதுன்னா அதுக்கு அழுங்க."

ராஜா யானைகளை முன்னால் ஓட்டிவிட்டு, கல் நட்ட இடம்வரை நடந்துபோனான். அன்றைக்கு அவன் அழுததை ஊரில் யாரும் பார்க்கவில்லை, பறையும் அறையவில்லை. ஆனால் மறுவாரமே விதை நெல்லும் மாடும் வந்து சேர்ந்தன. தை பிறந்ததும் சடையன் தாலி கட்டினான். கல்யாணத்தன்று பெண்வீட்டார் வாய்க்காலில் இறங்கித்தான் கால் நனைத்தார்கள்.

ஆகவே, திருப்பித் தரக்கூடியதையெல்லாம் முதலில் திருப்பித் தந்துவிட்டு, தரவே முடியாததற்குத்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.