ராகு காலமும் டிஸ்ப்ளே டிரைவரும்

கோபிசெட்டிபாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு மாடியில், கோகிலவாணி லேப்டாப் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தாள். வயது முப்பத்துமூன்று. அவளுக்கு ஒரு சீடர் உண்டு. ஜோசியர் சென்னியப்பன், வயது அறுபத்தொன்று.

சீடர் என்பது அவரே வைத்துக்கொண்ட பெயர். மவுஸ் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த அன்றே வெற்றிலை பாக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டார். குருவே என்று கூப்பிடாதீர்கள் என்று அவள் மன்றாடிப் பார்த்தாள். கேட்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, பதினொரு வருடப் பழைய லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறி வந்தார்.

"குருவே, செவ்வாயைக் காணோம்."

"எங்கீங்க போச்சு?"

திறந்து காட்டினார். ஜாதகக் கட்டம் ஊதிப் பெருத்து நின்றது. கீழ் வரிசையின் நான்கு வீடுகளும் திரைக்கு வெளியே போய்விட்டன. எண்ணிப் பார்த்தால் எட்டுக் கிரகம்தான் தேறியது.

போன சனிக்கிழமை திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு வந்ததாம். படத்தைச் சரியாக வரைந்து காட்டும் டிஸ்ப்ளே டிரைவர் என்ற மென்பொருள் புதிதாக வந்திருக்கிறது, போட்டுக்கொள்ளலாமா என்று. அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் புதிது ஆயிற்றே என்று போட்டார். ஏறவில்லை. அன்றிலிருந்து தினமும் போடுகிறார். தினமும் பாதியில் நிற்கிறது.

கட்டத்துக்குரியவன் பிரதீப் என்ற பையன். ஜோசியரின் மகள் தாரணி, கட்டினால் அவனைத்தான் என்று இரண்டு வருடமாக ஒற்றைக் காலில் நிற்கிறாள். அன்று பன்னிரண்டரைக்குப் பையன் வீட்டார் பதில் கேட்டு வருகிறார்கள். பழைய பஞ்சாங்கங்களைப் பார்த்துக் கையாலேயே கணித்துவிடலாம். ஆனால் அவற்றையெல்லாம் இந்த லேப்டாப் வாங்கிய வருடமே எடைக்குப் போட்டுவிட்டார்.

"ஏன் குருவே ஏறவே மாட்டேங்குது? மெசினுக்கு வயசாயிடுச்சுங்களா?"

கோகிலவாணி அதைத் தன் பக்கம் திருப்பினாள். லேப்டாப் தனக்குள் எழுதி வைத்திருந்த பதிவுகளைத் திறந்து வாசித்தாள்.

"சனிக்கிழமை காலைல ஒம்பது மணிக்கு நின்னிருக்குது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலரை. திங்கக்கிழமை காலைல ஏழரை."

ஜோசியர் செருமினார்.

"செவ்வாய் மத்தியானம் மூணு. புதன் பன்னெண்டு. நேத்து ஒண்ணரை."

அவள் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப இன்னைக்கு, பத்தரைக்கு நிக்கும். இல்லீங்களா?"

ஜோசியர் தரையைப் பார்த்தார்.

"நல்ல நேரத்துலதான் ஆரம்பிக்கறேனுங்க. மெசின் ரொம்ப மெதுவு. முடியறதுக்குள்ள ராகு காலம் வந்துருது."

"வந்தா?"

"பட்டனை அமுக்கிப் புடிச்சு அணைச்சுருவேன்."

"எத்தனை சதவீதத்துல?"

"திங்கக்கிழமை தொண்ணூத்தி நாலுல."

குரு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"ராகு காலத்துல என்னங்க செய்யக் கூடாது?"

"புதுசா எதையும் ஆரம்பிக்கக் கூடாது."

"ஏற்கெனவே நடந்துட்டிருக்கற வேலையை?"

"அது பாட்டுக்கு நடக்கலாம். தப்பில்லீங்க."

"அப்ப அணைக்கற வேலையை நீங்க எத்தனை மணிக்கு ஆரம்பிச்சீங்க?"

சீடர் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.

ஆறு நாளும் அரைகுறையாக ஏறிக் கிடந்ததையெல்லாம் அவள் துடைத்தெடுத்தாள். இந்த மாடல் லேப்டாப்புக்கென்றே அந்தக் காலத்தில் வந்த டிரைவரைத் தேடிப் பிடித்து ஓடவிட்டாள்.

"பழசுங்களா?" ஜோசியருக்கு மனசே இல்லை.

"இதுக்குப் பொருந்தறது இதுதானுங்க. புதுசு வேற மெசினுக்கு."

அப்போது மணி பத்து இருபது. அவள் கீழே டீக்கடைக்குப் போய் விளிம்பு வரை நிறைந்த இரண்டு கிளாஸ் டீயோடு வந்தாள். இரண்டையும் அவர் கையிலேயே கொடுத்தாள்.

"ரெண்டு எதுக்குங்க?"

"ஒண்ணு எனக்கு. கேக்கற வரைக்கும் வெச்சிருங்க."

மணி பத்தரை ஆனது. எழுபது சதவீதத்தில் திரை கருத்துப்போனது.

"குருவே! போச்சு!"

"டீயைக் கொட்டிராதீங்க. கீழ கீபோர்டு இருக்குது."

அவர் கட்டைவிரல் பட்டனுக்காகத் துடித்தது. டீ தளும்பி விரலைச் சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டார். குலதெய்வத்தின் பெயரை மட்டும் மூன்று முறை சொன்னார்.

திரை ஒருமுறை மின்னியது. பிறகு தெளிந்து வந்தது. கோகிலவாணி தன் கிளாஸை வாங்கிக்கொண்டாள்.

பன்னிரண்டு வீடுகளும் இருந்தன. ஜோசியர் மகிழ்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். அப்படியே நின்றுவிட்டார். பார்க்கப் பாவமாக இருந்தது.

"எட்டுல செவ்வாய், குருவே. எம் பொண்ணு ஜாதகத்துல அந்த தோஷம் கிடையாது. இந்தப் பொருத்தத்தை வேற யாராச்சும் கொண்டாந்தா, வேண்டாம்னு அஞ்சு நிமிசத்துல சொல்லி அனுப்பிச்சிருப்பேன்."

"இப்ப?"

"ராத்திரியெல்லாம் அவ தூங்கலீங்க. நான் என்ன சொல்லப் போறேன்னு காத்துட்டிருக்கறா."

பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். பையனின் அப்பா நம்பர் மேலேயே இருந்தது.

"வர வேண்டாம்னு சொல்லிரட்டுங்களா? இத்தோட நிறுத்திரட்டுங்களா?"

"ஆரம்பிச்சது யாருங்க?"

"அவளும் அந்தப் பையனும்தான்."

"அப்ப நிறுத்தறதுக்கு மட்டும் எதுக்குங்க உங்க கை?"