வயிற்றுக்குள் குடிவந்தவர்கள்

அந்தக் காலத்தில், கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களும் பேசிக்கொண்டிருந்தபோது, மனிதர்களின் வயிறு ஆளில்லாத வீடு போலச் சத்தமற்றுக் கிடந்தது. தின்றதில் பாதி செரிக்காது.

காராயியின் மகள் சிட்டுக்கு மூன்று வயதாகியும் நடக்கத் தெம்பில்லை. ஊட்டிய சோறெல்லாம் வெளியே வந்துவிடும். மூத்த பிள்ளைகள் இரண்டு பேரையும் காராயி இப்படித்தான் பறிகொடுத்திருந்தாள்.

ஒருநாள் காலை, பனி விலகாத நேரம். முந்தைய நாள் மிஞ்சிய சோறு தண்ணீரில் ஊறி நுரைத்திருந்தது. கெட்டுவிட்டதென்று நினைத்துக் கொட்டப் போனாள்.

"கொட்டாதே தாயே!" நுரைக்குள்ளிருந்து ஆயிரம் குரல்கள், தூறல் போல மெல்லியதாய்.

"யாரது?"

"இந்தச் சோற்றைப் புளிக்க வைத்தவர்கள். வெயில் ஏறினால் காய்ந்து செத்துப்போவோம். இருட்டாய், ஈரமாய் ஓர் இடம் கொடு."

"அப்படி ஒரு இடம் என்கிட்ட ஏது?"

"உன் வயிறு இருக்கிறதே! நீ ஒதுக்கும் தவிட்டையும் கீரைத்தண்டையும் தின்றுவா, எங்களுக்கு அது போதும். உனக்கும் உன் பிள்ளைக்கும் உடம்பில் சத்து ஒட்ட வைப்போம்."

அவள் பானையை வாயருகே கொண்டுபோனதைப் பார்த்து, கணவன் ஒச்சன் ஓடிவந்தான். "வேணாம் புள்ள! உனக்கும் ஏதாவது ஆயிட்டா?"

"ரெண்டைப் புதைச்சாச்சுங்க. இவளையும் புதைக்க என்னால ஆகாது." மடமடவென்று குடித்தாள்.

இரண்டு நாள் படுத்தே கிடந்தாள். உள்ளே யாரோ வீடு கூட்டுவது போலவும், மெதுவாக அடுப்பு மூட்டுவது போலவும் இருந்தது. மூன்றாம் நாள் அதுவரை அறியாத பசியோடு எழுந்தாள். பிறகுதான் சிட்டுக்கும் அந்தப் புளித்த தண்ணீரில் ஒரு வாய் புகட்டினாள். குழந்தை வாந்தி எடுக்கவில்லை. அடுத்த பௌர்ணமிக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தாள். ஒச்சன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான்.

அந்தச் சந்தோஷத்தில் காராயி உள்ளே இருந்தவர்கள் கேட்டதை மறந்தாள். தவிடு போகத் தீட்டிய வெள்ளைச் சோறும் தேனுமாகவே நாட்கள் போயின. வயிறு கல்லாய்க் கனத்தது. அவர்கள் பசியில் கூப்பிட்டார்கள். சதைக்குள் சொல் கரைந்துபோய், ஓசை மட்டுமே வெளியே வந்தது.

அவள் மடியில் படுத்திருந்த சிட்டு நிமிர்ந்து, "அம்மா, உள்ளே யாரோ கூப்பிடுறாங்க" என்றாள்.

காராயிக்குத் திக்கென்றது. "ஐயோ, பட்டினி போட்டுட்டேனே!" என்று எழுந்து ஓடி, ஒரு கட்டுக் கீரையைத் தண்டோடு அரிந்து உலையில் போட்டாள்.

அன்று தொடங்கியதுதான் வயிறு இரைவது. நமக்குப் பசி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், கூப்பிடுவது அவர்கள்.